ஒரு நாடு மறுத்தால் மற்ற 26 நாடுகளும் காத்திருக்க வேண்டுமா? ஐரோப்பிய வெளிவிவகார அமைச்சர்கள் பற்றிய இழை

11 ஜனவரி 2025 (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 வெளிவிவகார அமைச்சர்களும் மாதந்தோறும் கூடுகிறார்கள். உக்ரைன், காசா, சிரியா என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு நாடு மறுத்துவிட்டால் எதுவும் நடப்பதில்லை. வீட்டோவை ஒழித்துப் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுப்பதே ஒரே வழி என்பது என் வாதம். மறுப்பவர் இருந்தால் எழுதலாம்.

12 ஜனவரி 2025, காலை

இந்த வாதத்தில் பாதியை ஏற்கிறேன். இந்த அமைச்சர்கள் கூடும் வெளிவிவகாரப் பேரவையில் ஏகமனதான சம்மதம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அமைச்சர்கள் கூடும் அந்த ஒரு திங்கட்கிழமையை மட்டும் பார்த்து இந்த அமைப்பை எடைபோட முடியாது. அவர்கள் வந்து அமரும்போது மேசையில் இருக்கும் வரைவு ஏற்கெனவே பல கைகள் மாறி வந்ததாக இருக்கும். 27 நாடுகளின் தூதுவர்கள் அமரும் அரசியல், பாதுகாப்புக் குழு வாரத்தில் இரண்டு முறையாவது பிரஸல்ஸில் கூடுகிறது. தடைகளின் சட்ட வாசகத்தை வரி வரியாகச் சரிபார்ப்பதற்கென்றே வெளிவிவகார ஆலோசகர்களின் பணிக்குழு ஒன்று இருக்கிறது. அங்கே தீராதவை தூதுவர்களிடம் செல்கின்றன. தூதுவர்களாலும் தீர்க்க முடியாதவை அமைச்சர்களிடமும், அவர்களாலும் முடியாதவை அரசுத் தலைவர்களின் உச்சிமாநாட்டுக்கும் போகின்றன.

கீழ்மட்டத்தில் இணக்கம் வந்துவிட்ட தீர்மானங்கள் விவாதமே இன்றி நிறைவேறுகின்றன. அவற்றை வெளிவிவகார அமைச்சர்களே நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அந்த வாரத்தில் கூடுவது விவசாய, மீன்பிடி அமைச்சர்கள் என்றால், அவர்களுடைய நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்பட்டு, ஒரு நாட்டின் இராணுவ அதிகாரிகள் மீதான பயணத்தடை அங்கேயே சட்டமாகிவிடலாம். ஆகவே அமைச்சர்கள் முட்டிக்கொள்வதாக நாம் செய்தியில் பார்ப்பவை, நூற்றுக்கணக்கான விடயங்களில் இணக்கம் கண்ட பிறகு எஞ்சிய சிலவற்றை மட்டுமே. வெளியே தெரிவது அந்தச் சில என்பதால்தான் இந்த அமைப்பு எப்போதும் சண்டையிலேயே இருப்பதுபோல் தோன்றுகிறது.

12 ஜனவரி 2025, இரவு

மேலே உள்ளதற்குப் பிற்சேர்க்கை. ஒன்றியத்தின் பெயரால் வரும் அறிக்கைகள் எல்லாம் ஒரே தரத்தவை என்று எண்ண வேண்டாம். 27 நாடுகளின் சார்பில் என்று வெளியாகும் பிரகடனத்துக்கு 27 நாடுகளும் ஒப்ப வேண்டும். ஒருவர் ஒப்பாவிட்டால், ஒன்றியத்தின் வெளிவிவகாரத்துக்குப் பொறுப்பான உயர் பிரதிநிதி தன் சொந்தப் பெயரில் அறிக்கை விடலாம். 2021 மே 18 அன்று இஸ்ரேலும் ஹமாஸும் மோதலை நிறுத்த வேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கு 26 நாடுகள் உடன்பட்டன, ஹங்கேரி மட்டும் உடன்படவில்லை. அப்போது உயர் பிரதிநிதியாக இருந்த ஜோசப் பொரெல் அந்தப் பெரும்பான்மையின் கருத்தைத் தாமே செய்தியாளர்களிடம் எடுத்துரைத்தார். அறிக்கையின் தலைப்பு வரியை முதலில் பாருங்கள். அது யார் பெயரில் வருகிறது என்பதிலிருந்தே உள்ளே என்ன நடந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

15 ஜனவரி 2025

வேறொரு நண்பர், இது அண்மையில் முளைத்த ஏற்பாடு என்ற எண்ணத்தில் எழுதியிருந்தார். இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1970 ஒக்டோபர் 27 அன்று அன்றைய ஆறு உறுப்பு நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் லக்சம்பர்க்கில் ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெல்ஜிய இராஜதந்திரி எத்தியன் தவின்யோன். அமைச்சர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திப்பது, கலந்தாலோசிப்பது, இயன்றபோது ஒருமித்து நடப்பது என்பவற்றுக்கு மேல் அது எதையும் கேட்கவில்லை. செயலகமும் இல்லை, சட்டக் கட்டுப்பாடும் இல்லை. முதல் கூட்டம் அதே ஆண்டு நவம்பரில் மியூனிக்கில் நடந்தது.

வெளிவிவகாரம் தேசங்களின் தனி உரிமை, பொதுச் சந்தை நிறுவனங்கள் அதைத் தொடவே கூடாது என்பதில் பிரான்ஸ் அந்நாளில் மிகவும் கறாராக இருந்தது. 1973 ஜூலை 23 அன்று ஒன்பது நாடுகளின் அமைச்சர்கள் காலையில் கோபன்ஹேகனில் கூடி வெளிவிவகாரம் பேசினார்கள். அன்று பிற்பகலே விமானமேறி பிரஸல்ஸ் சென்று, அதே ஆட்கள் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகத்தின் அமைச்சரவையாக அமர்ந்து மற்றக் கருமங்களைப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு பகலில் இரண்டு நாடுகள்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது மறு ஆண்டு நடந்த ஒரு சந்திப்பு. 1974 ஏப்ரலில் ஜேர்மனி சுழற்சி முறையில் தலைமை வகித்தபோது, கொலோன் நகருக்கு அருகே உள்ள கிம்னிஷ் மாளிகையில் அமைச்சர்கள் அதிகாரிகள் புடைசூழாமல் ஒரு வார இறுதியைக் கழித்தார்கள். தீர்மானம் எழுத வேண்டியதில்லை, மனம்விட்டுப் பேசினால் போதும் என்பது ஏற்பாடு. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் முறைசாராச் சந்திப்பு எந்த ஊரில் நடந்தாலும் அந்த மாளிகையின் பெயரையே தாங்குகிறது. ஒருவர் மறுக்கும்போது அவர் உண்மையில் எதற்கு அஞ்சுகிறார் என்பது பெரும்பாலும் அங்கேதான் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது.

19 ஜனவரி 2025

யூகோஸ்லாவியாவைக் குறிப்பிடாமல் இதைப் பேச முடியாது என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் சுதந்திரம் அறிவித்தன. லக்சம்பர்க், நெதர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் உடனே புறப்பட்டுச் சென்றார்கள். அவர்களில் லக்சம்பர்க்கின் ஜாக் பூஸ், இது ஐரோப்பாவுக்கு உரிய வேளை என்று சொன்னதை இன்றுவரை பழிச்சொல்லாகவே நினைவுகூர்கிறார்கள். ஜூலை 7 அன்று பிரியோனித் தீவில் உடன்பாடு ஒன்று கையெழுத்தானது. ஸ்லோவேனியாவில் சண்டை நின்றது. குரோஷியாவில் அது பெருகியது.

டிசம்பர் 16 பிற்பகல் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நீண்ட பிரஸல்ஸ் கூட்டத்தில், அங்கீகாரம் கோரும் குடியரசுகளுக்குப் பொது நிபந்தனைகள் வகுப்பது, அவற்றை நடுவர் ஆணைக்குழு ஆராய்வது, ஜனவரி 15 அன்று எல்லோரும் சேர்ந்து முடிவை நடைமுறைப்படுத்துவது என்று அமைச்சர்கள் இணங்கினார்கள். ஜேர்மனி டிசம்பர் 23 அன்றே தன் அங்கீகாரத்தை அறிவித்துவிட்டது. ரொபேர் பதந்தேர் தலைமையிலான ஆணைக்குழு ஸ்லோவேனியாவும் மாசிடோனியாவும் நிபந்தனைகளை நிறைவேற்றியுள்ளதாகவும், குரோஷியா சிறுபான்மையினர் பாதுகாப்பில் இன்னும் செய்ய வேண்டியது உள்ளதாகவும் கருத்துரைத்தது. ஜனவரி 15 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் அங்கீகரிக்கப்பட்டன. தகுதி பெற்ற மாசிடோனியா, பெயர் குறித்துக் கிரேக்கம் எழுப்பிய எதிர்ப்பால் விடுபட்டது. அந்தப் பெயர்ப் பிணக்கு தீர 2018 ஜூன் மாத பிரெஸ்பா உடன்படிக்கை வரை ஆயிற்று.

இங்கே இரண்டு வேறுபட்ட தோல்விகள் உள்ளன. ஜேர்மனி யாரையும் தடுக்கவில்லை, மற்றவர்களுக்காகக் காத்திருக்கவில்லை என்பதுதான் குறை. பெரும்பான்மை வாக்கு முறை இருந்திருந்தாலும் ஒரு பெரிய நாடு முந்திக்கொள்வதை அது தடுத்திருக்காது. கிரேக்கம் செய்ததோ நீங்கள் கண்டிக்கும் வீட்டோ. ஆனால் கிரேக்கம் தன் காரணத்தை ஒளிக்கவில்லை. அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை, என்றாலும் அது விவாதிக்கக்கூடியதாக எல்லோர் முன்னும் இருந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

26 ஜனவரி 2025

நாளை பேரவை கூடுகிறது. ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளின் ஆறு மாதத் தவணை ஜனவரி 31 அன்று முடிகிறது. நீட்டிப்பதற்கு 27 நாடுகளின் சம்மதமும் வேண்டும். ஹங்கேரி இன்னும் சம்மதிக்கவில்லை. முடிவு தெரிந்தபின் எழுதுகிறேன்.

28 ஜனவரி 2025

நீட்டித்துவிட்டார்கள், ஜூலை 31 வரை. நேற்றுக் காலை முழுவதும் அமைச்சர்களின் வருகையை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாகனத்திலிருந்து இறங்கி, கமெராக்களுக்கு முன் நின்று, ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு உள்ளே போனார்கள். பால்டிக் நாடுகளின் அமைச்சர்கள் நேராகச் சொன்னார்கள். சிலர் நம்பிக்கை இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிறுத்தலைப் பார்த்தபோதே, பேரம் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஹங்கேரியின் குறை, ஜனவரி 1 முதல் உக்ரைன் வழியாக வரும் ரஷ்ய எரிவாயு நின்றுபோனது பற்றியது. எரிசக்திப் பாதுகாப்புக் குறித்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை தந்ததும் ஹங்கேரி இணங்கியது. அந்தக் குறை தடைகளோடு நேரடித் தொடர்புடையதல்ல என்று வாதிடலாம். ஆனால் என்ன வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள், சொன்னதால் பதில் கொடுக்க முடிந்தது. நேற்றைய கூட்டத்தில் சிரியா மீதான தடைகளைப் படிப்படியாகத் தளர்த்தும் வழிவரைபடத்துக்கும் அரசியல் இணக்கம் கிடைத்தது. அசாத் ஆட்சி வீழ்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த அமைப்பு எப்போதும் ஆமை வேகத்தில்தான் நகரும் என்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2 பெப்ரவரி 2025

வீட்டோவின் மோசமான முகத்தையும் எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் அதற்கு வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும். 2020 ஓகஸ்ட் 9 அன்று பெலாருஸில் நடந்த தேர்தலைத் தொடர்ந்து மக்கள் தெருவில் இறங்கினார்கள், பொலிஸார் அடித்து நொறுக்கினார்கள். ஓகஸ்ட் 14 அன்று காணொளி வழியாகப் பேசிய அமைச்சர்கள், பொறுப்பானவர்கள் மீது தடை விதிப்பதென்று கொள்கையளவில் இணங்கினார்கள். பட்டியலும் தயாரானது. செப்டெம்பர் 21 அன்று எதிரணித் தலைவி ஸ்வியத்லானா சிகனூஸ்கயா பிரஸல்ஸுக்கே வந்து காலை உணவு மேசையில் அமைச்சர்களைச் சந்தித்தார். அதற்குப் பின் அவர்கள் கூட்டத்துக்குள் போய், தடை விதிக்க முடியாமல் வெளியே வந்தார்கள்.

மறுத்தது சைப்பிரஸ். பெலாருஸுக்குத் தடை கூடாது என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் துருக்கி எரிவாயு தேடித் துளையிடுவதற்கு எதிராகவும் சமகாலத்தில் நடவடிக்கை வேண்டும் என்றது. சைப்பிரஸின் கவலை பொய்யானதல்ல. அந்தத் தீவின் வடபகுதி 1974 முதல் துருக்கியப் படைகளின் பிடியில் இருக்கிறது, அதை உணராதவர்கள் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மின்ஸ்க் சிறைகளில் இருந்தவர்களுக்கும் அந்தக் கடலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒக்டோபர் முதல் இரண்டு நாட்களில் கூடிய உச்சிமாநாடு துருக்கி பற்றிய வாசகத்தைச் சரிசெய்த பிறகே 40 பேர் மீதான தடை வெளியானது. பெலாருஸ் ஜனாதிபதி லுகஷென்கோவின் பெயர் நவம்பரில்தான் சேர்ந்தது.

9 பெப்ரவரி 2025

ஓர் இலங்கைத் தமிழருக்கு ஐரோப்பிய வெளிவிவகாரக் கொள்கையில் இவ்வளவு அக்கறை எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2006இல் நான் மட்டக்களப்பில் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் மாவட்ட அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையின்படி அமைந்த அந்தக் குழுவில் நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆகிய ஐந்து நாட்டவர் இருந்தார்கள். ஐந்தில் மூன்று நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர்கள். அந்த வேறுபாடு எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததே இல்லை. எங்களுக்கு எல்லோரும் வெள்ளை வாகனத்தில் வரும் "மொனிற்றர்மார்" தான்.

அலுவலகத்தில் ஒரு நீண்ட மேசை இருந்தது. முறைப்பாடு கொண்டுவருபவர் ஒரு பக்கம், கண்காணிப்பாளர் மறுபக்கம், நான் நடுவில். பிள்ளையைப் புலிகள் கூட்டிச் சென்றுவிட்டார்கள் என்று வரும் தாய்மாரும், கணவரை வெள்ளை வானில் கொண்டுபோய்விட்டார்கள் என்று வரும் பெண்களும் அதே வாங்கிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். தேசிய அடையாள அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி, கேட்காமலே எண்ணை ஒப்புவிப்பார்கள். கண்காணிப்பாளர் எழுதி முடித்ததும் முகாமுக்கோ புலிகளின் அரசியல்துறை அலுவலகத்துக்கோ நேரில் போவார். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் வந்து கேட்பார் என்ற அச்சம் இரு தரப்புக்கும் கொஞ்சமேனும் இருந்தது.

2006 மே 29 அன்று ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தன் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன் நடந்தவற்றை நான் மறைக்கப் போவதில்லை. முந்தைய ஆண்டு ஓகஸ்டில் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டிருந்தார். அந்த மே மாதத்திலேயே, படையினரை ஏற்றிச் சென்ற கப்பலின் தொடரணி கடலில் தாக்கப்பட்டபோது அந்தக் கப்பலில் கண்காணிப்பாளரும் இருந்தார். அன்றைய 25 உறுப்பு நாடுகளும் சம்மதித்தன, வீட்டோ எதுவும் இல்லை. அடுத்த மாதமே, ஒன்றிய நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். காலக்கெடு செப்டெம்பர் 1. ஏறத்தாழ அறுபது பேர் கொண்ட குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் அந்த மூன்று நாட்டவர். மாவிலாற்றில் சண்டை மூண்டு, மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்த அதே ஓகஸ்டில் அவர்கள் பெட்டி கட்டினார்கள். எங்கள் மேசையில் முறைப்பாடு பதிவது தொடர்ந்தது. போய்ப் பார்க்க ஆள் போதவில்லை.

நோர்வே தங்கியிருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அது ஒன்றியத்தின் உறுப்பினர் அல்ல என்பது. மற்றொன்று, ஒன்றியத்தின் தடைப் பட்டியலோடு இனித் தன்னை இணைத்துக்கொள்வதில்லை என்று அது அந்த ஆண்டு ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தது. இரு தரப்புக்கும் இடையே தான் செய்துவந்த நடுவர் வேலைக்கு அது இடையூறாகும் என்று ஒஸ்லோவில் முன்கூட்டியே யோசித்தார்கள். களத்தில் ஆட்களை வைத்திருந்த மற்ற மூன்று நாடுகளின் தலைநகரங்களுக்கும் அதே கேள்வி எழுந்திருக்க வேண்டும். அதை மேசையில் வைத்து, "கண்காணிப்புக்கு என்ன ஏற்பாடு?" என்று முடிவுக்கு முன்னரே பதில் வாங்கியிருந்தால் அந்தப் பட்டியல் வந்திருக்கலாம், ஆனால் ஏற்பாடும் கூடவே வந்திருக்கும்.

எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவும் அரைகுறையாக யோசித்த முடிவாக இருக்க முடியும் என்பதை நான் அந்த மேசையில்தான் கற்றேன். வீட்டோவை ஒழித்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

11 பெப்ரவரி 2025

தடைப் பட்டியலையும் ஜிஎஸ்பி பிளஸ் எனப்படும் ஏற்றுமதிச் சுங்கவரிச் சலுகையின் நிறுத்தத்தையும் ஒரே நடவடிக்கையாகக் கருதி இருவர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு கதவுகள். ஜிஎஸ்பி பிளஸ் வர்த்தகக் கொள்கை, அதில் ஏகமனது தேவையில்லை. மனித உரிமை உடன்படிக்கைகளை இலங்கை நடைமுறைப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2009 ஒக்டோபரில் விசாரணை முடிவு வெளியிட்டது, 2010 பெப்ரவரியில் பேரவை முடிவெடுத்தது, ஓகஸ்ட் 15 முதல் சலுகை நின்றது. 2017 மே மாதத்தில் மீண்டும் கிடைத்தது. விசாரணை, அறிக்கை, பதிலளிக்க வாய்ப்பு, ஆறு மாத அவகாசம் என்று அந்தப் பாதையின் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருந்தது.

பட்டியல் முறை 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பின் அவசரமாக உருவானது. அதன் பலவீனத்தை நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. 2014 ஒக்டோபர் 16 அன்று ஒன்றியத்தின் பொது நீதிமன்றம், 2011 முதல் 2014 வரை புலிகளைப் பட்டியலில் வைத்திருந்த தீர்மானங்களை நடைமுறைக் காரணங்களுக்காக இரத்துச் செய்தது. தகுதிவாய்ந்த அதிகாரிகளின் தீர்மானங்களை விட்டுப் பத்திரிகை, இணையத் தகவல்களை ஆதாரமாகக் கொண்டார்கள் என்பது குறை. பேரவையின் மேன்முறையீடு 2017 ஜூலை 26 அன்று தள்ளுபடியானது. பின்னர் இயற்றப்பட்ட தீர்மானங்களால் பட்டியலில் பெயர் தொடர்கிறது. அந்த அமைப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவாயினும் இருக்கட்டும். காரணம் எழுதப்படாத முடிவை நீதிமன்றத்தில் காப்பாற்றுவது கடினம் என்பதே நான் இங்கே எடுத்துக்கொள்ளும் பாடம்.

25 பெப்ரவரி 2025

நேற்றைய நாளை நெடுங்காலம் மறக்க மாட்டேன். உக்ரைன் மீதான முழு அளவிலான படையெடுப்பின் மூன்றாம் ஆண்டு நிறைவு. பிரஸல்ஸில் அமைச்சர்கள் ரஷ்யா மீதான 16ஆவது தடைத் தொகுப்பை 27 நாடுகளின் சம்மதத்தோடு நிறைவேற்றினார்கள். சிரியாவின் எரிசக்தி, போக்குவரத்து, வங்கித் துறைகள் மீதான தடைகளில் சிலவற்றை இடைநிறுத்தினார்கள். அதே நாளில் நியூயோர்க்கில் ஐ.நா. பொதுச்சபையில் உக்ரைனும் ஐரோப்பிய நாடுகளும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 93 நாடுகள் ஆதரவாகவும் 18 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன, 65 நாடுகள் விலகி நின்றன. எதிர்த்த 18இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் இருந்தன. ஹங்கேரியும் இருந்தது.

ஒரே நாடு, ஒரே நாள், ஒரே போர். தடைக்குச் சம்மதம், தீர்மானத்துக்கு எதிர்ப்பு. பிரஸல்ஸில் மறுத்தால் 26 நாடுகள் சூழ்ந்து நின்று கேட்கும், எதைக் கொடுத்தால் இணங்குவாய் என்று பேசும். நியூயோர்க்கில் அந்த நெருக்கம் இல்லை. அமைச்சர்கள் ஒரே அறையில் உட்காருவதன் பயனை மறுப்பவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2 மார்ச் 2025

இனி என் நிலைப்பாட்டைத் தெளிவாக எழுதுகிறேன்.

ஒன்றிய உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை ஏகமனதைப் பொது விதியாக வைக்கிறது. ஆனால் அதிலேயே மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது, ஒரு நாடு எதிர்க்காமல் விலகி நிற்கலாம். தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது, மற்றவர்கள் முன்செல்லலாம். 2008இல் கொசோவோவுக்குச் சிவில் பணிக்குழு அனுப்பப்பட்டபோது சைப்பிரஸ் இப்படி விலகி நின்றது. இரண்டாவது, அரசுத் தலைவர்கள் வகுத்த முடிவை நடைமுறைப்படுத்துவது போன்ற சில விடயங்களில் தகுதிபெற்ற பெரும்பான்மையே போதும், அதாவது மக்கள்தொகையில் 65 வீதத்தைக் கொண்ட 15 நாடுகள். மூன்றாவது, இந்தப் பெரும்பான்மை முறையைப் புதிய துறைகளுக்கு விரிவாக்க அரசுத் தலைவர்கள் முடிவெடுக்கலாம், இராணுவ விடயங்கள் தவிர. அந்த முடிவு ஏகமனதாக இருக்க வேண்டும் என்பதால் அது இதுவரை பூட்டியே கிடக்கிறது. மனித உரிமை அறிக்கைகள், தடைகள், சிவில் பணிக்குழுக்கள் ஆகிய மூன்றுக்கும் அதைத் திறக்குமாறு ஆணையம் 2018 செப்டெம்பரில் கேட்டது. 2023 மே மாதத்தில் ஜேர்மனி, பிரான்ஸ் உட்பட ஒன்பது நாடுகள் இதற்கென ஒரு நட்புக் குழுவே அமைத்தன.

இரண்டாம் வாசலில் ஒரு விதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பான்மை வாக்கு நடக்கவிருக்கும்போது ஒரு நாடு, தன் தேசியக் கொள்கையின் இன்றியமையாத காரணத்தை எடுத்துரைத்து எதிர்க்கலாம். எதிர்த்தால் வாக்கெடுப்பு நடக்காது. உயர் பிரதிநிதி அந்த நாட்டோடு பேசித் தீர்வு தேட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விடயம் அரசுத் தலைவர்களிடம் செல்லலாம். கவனியுங்கள்: வீட்டோ வலுக்குறைந்த இடத்தில் காரணம் சொல்லும் கடமை இருக்கிறது. வீட்டோ முழு வலுவோடு இருக்கும் பொது விதியிலோ அந்தக் கடமை இல்லை. மறுக்கும் நாடு வாய் திறக்காமலேயே மறுக்கலாம், அல்லது வேறொரு கடலைப் பற்றிப் பேசலாம்.

நான் கேட்பது, அந்தக் கடமையைப் பொது விதிக்கும் கொண்டுவர வேண்டும் என்பது. ஒரு தீர்மானத்தை நிறுத்தும் நாடு, அந்தத் தீர்மானத்தோடு தொடர்புடைய காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும், அது வெளியிடப்பட வேண்டும். இப்போது நான் வாழ்வது டென்மார்க்கில். 45 கோடி மக்களைக் கொண்ட ஒன்றியத்தில் எங்கள் தொகை ஏறத்தாழ 60 இலட்சம். வாக்குக் கணக்கில் எங்களைப் போன்ற நாடுகளைத் தாண்டிப் போவது எளிது. ஆகவே மறுக்கும் உரிமையைச் சிறிய நாடுகளிடமிருந்து முற்றாகப் பறிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பாதுகாப்பு விடயங்களில் டென்மார்க் தனக்கு வைத்திருந்த விலக்கை நீக்குவதா என்று 2022 ஜூன் 1 அன்று மக்கள் தீர்ப்பு நடந்தபோது, மூன்றில் இரண்டு பங்கினர் நீக்கலாம் என்றார்கள். நானும் அப்படியே வாக்களித்தேன். மேசையில் எங்கள் சொல்லுக்கு இடம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாக்களித்தேன்.

16 மார்ச் 2025

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர், காரணம் எழுத வேண்டும் என்றால் நாடுகள் ஒரு பொய்க் காரணத்தை எழுதிவிடும், அவ்வளவுதானே என்கிறார். எழுதட்டும். எழுதிய காரணத்தை மற்ற 26 நாடுகளும், பத்திரிகைகளும், அந்த நாட்டின் நாடாளுமன்றமே கூடக் கேள்வி கேட்க முடியும். இந்த வாரம் நடந்ததைப் பாருங்கள். 2,400க்கும் மேற்பட்ட ரஷ்யத் தனிநபர்கள், நிறுவனங்கள் மீதான தடை நேற்று காலாவதியாக இருந்தது. சில பெயர்களை நீக்க வேண்டும் என்று ஹங்கேரி நின்றது. வெள்ளிக்கிழமை, கடைசி நேரத்தில், சில பெயர்கள் நீக்கப்பட்டு மற்றவை செப்டெம்பர் 15 வரை நீட்டிக்கப்பட்டன. அந்தச் சிலரை நீக்கச் சட்ட ஆதாரம் இருந்திருக்கலாம், பேரத்துக்காகவும் நீக்கியிருக்கலாம். பட்டியலில் சேர்க்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் காரணம் எழுதுகிறார்கள். நீக்கக் கோரும் நாடும் அதேபோல் எழுதினால் என்ன?

இதற்கு உடன்படிக்கையைத் திருத்த வேண்டியதில்லை. வேலைமுறையாகத் தொடங்கலாம். தடைகளின் வரைவை ஆராயும் ஆலோசகர் பணிக்குழுவுக்குத் தலைமை தாங்குவது சுழற்சி முறையில் வரும் தலைமை நாடு. ஜூலை 1 முதல் ஆறு மாதம் அது டென்மார்க். பேரவைக்குச் செல்லும் டென்மார்க் அமைச்சர்கள், புறப்படும் முன் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவுக்குத் தங்கள் நிலைப்பாட்டை விளக்கும் வழக்கம் உண்டு. எழுத்து மூலக் காரணத்தைத் தலைமை நாடு என்ற முறையில் கேட்பீர்களா என்று அந்தக் குழுவில் ஒருவர் கேட்டால், அமைச்சர் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும். என் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.